வாய்க்கால் பார்க்க விமானம் ஏறியவன்

ஈப்போ, பேராக்.

அன்புள்ள மாமாவுக்கு,

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அத்தை, "இவன் எப்போ ஊருக்கு வந்தான்? வந்தவன் வீட்டுக்கு வராமல் பாமணியாத்தங்கரையில் சைக்கிளோடு என்ன செய்கிறான்?" என்று கேட்டாராமே. அத்தை மேல் குற்றமில்லை. கரையில் தென்னை, இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் வயல், வரப்பில் கொக்கு. யார் பார்த்தாலும் திருத்துறைப்பூண்டி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது மலேசியா. பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கிரியான் மாவட்டம்.

பெண் வீட்டாருக்குக் காட்ட மாடிக் கட்டடங்களோடு ஒரு படம் வேண்டும் என்று அத்தை கேட்டிருந்தார். அவர் நினைக்கிற இரட்டைக் கோபுரம் கோலாலம்பூரில் இருக்கிறது; இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர். ஈப்போவில் உயரமாக நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். குன்றுக்குள் குகை, குகைக்குள் கோயில். அதன் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினால் பையன் சந்நியாசம் வாங்கிவிட்டான் என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குச் சைக்கிள் படமே மேல் என்று அனுப்பினேன். அதன் கதையைக் காகிதத்தில் எழுது, போனில் எழுத்து எறும்பாகத் தெரிகிறது என்று நீங்கள் சொன்னதால் இந்தக் கடிதம்.

என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சுங்கை சிப்புட்காரர். துன் சம்பந்தன் பிறந்த ஊர். வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்களிடமே மாதாமாதம் காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். நம் அண்ணனின் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் பால்மரம் வெட்டியவர்கள். அவர் பிறந்த தோட்டத்தை ஒருநாள் காட்டினார். தொழிலாளர் குடியிருந்த லயம் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இல்லை, பால்மரமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. ஒரு செம்பனையைச் சுட்டிக்காட்டி, "இங்கேதான் எங்க வாத்தியார் என் காதைத் திருகினார்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

தோட்டக் காலத்தில் சைக்கிளில் இரண்டு சாதி உண்டாம். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் ஏறிப் போகும் ராலே ஒன்று. பால் வெட்டுபவரின் சைக்கிள் இன்னொன்று. அதன் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும், ஆள் ஏற இடமிருக்காது, தள்ளிக்கொண்டேதான் போகவேண்டும். அண்ணனின் அப்பா வைத்திருந்தது இரண்டாவது சாதி. கிரியானில் சைக்கிள் மிதிக்கப் போகலாம் என்று முடிவானதும், அதைத் துடைத்து எண்ணெய் போட்டு எனக்குக் கொடுத்துவிட்டு, கியர் வைத்த புதுச் சைக்கிளை அவர் எடுத்துக்கொண்டார். "நீ இந்தியாக்காரன், உனக்கு இது பழக்கம்லா" என்றார். இந்த ஊரில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா' சேர்த்துவிட்டால் எதிராளி கோபப்படக்கூடாது என்று சட்டம்.

பேராக்கில் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜப்பான்காரன் வராமல் போகமாட்டான். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கரையிறங்கிய ஜப்பானியப் படையில் பெரும்பகுதி கெடா வழியாகப் பேராக்குக்குள் புகுந்து, இதே சாலைகளில் சைக்கிள் மிதித்துத்தான் தெற்கே போனது. பாலத்தை உடைத்துவிட்டால் டாங்கியை நிறுத்தலாம். சைக்கிள்காரன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவான். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்ப்படை பதறிய கதையை இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் மட்டும் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை மறித்து நின்று சண்டை போட்டார்கள்; அதில் நம் இந்திய சிப்பாய்களும் உண்டு. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரே விழுந்துவிட்டது. எழுபது நாளில் ஒரு தீபகற்பம். நாங்கள் கிரியானுக்குள் பாகான் சிராயிலிருந்து கோலா குலாவுக்குப் போய்ச் சேரவே பாதி நாளாயிற்று. அதற்காக எங்களைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஜப்பானியப் படை வழியில் இறங்கி செண்டோல் குடித்ததாகச் சரித்திரத்தில் எங்கும் இல்லை.

விடிவதற்கு முன்னால் ஈப்போவிலிருந்து கிளம்பினோம். சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு அண்ணனின் மச்சான் வேன் ஓட்டினார். அவர் மிதிக்கமாட்டார். அவருடைய பொறுப்பு, எங்களுக்கு முன்னால் போய் எந்தக் கடையில் என்ன நன்றாயிருக்கிறது என்று பார்த்துவைப்பது. தைப்பிங்கைத் தாண்டும்போது மழை. அது ஒரு செய்தியே இல்லை. தீபகற்பத்தில் அதிகமாக மழை பெய்யும் ஊர் அதுதான். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. நமக்கு 1,200 வந்தாலே 'இந்த வருஷம் நல்ல மழை' என்று வாத்தியார் முதல் வண்டிக்காரர் வரை பேசிக்கொள்வார்கள்.

பாகான் சிராயில் இறங்கியதும் கடைக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" இங்கே தமிழர்கள் பார்த்தவுடன் கேட்பது இதைத்தான். ரொட்டி சானாய், பருப்புக் கறி, ஒரு மங்கு தே தாரிக். மச்சான் ஏற்கெனவே ஒரு சுற்று முடித்துவிட்டு எங்களுக்குத் துணையாக இன்னொரு சுற்று சாப்பிட்டார். வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள்களைப் பார்த்து ஒரு பெரியவர் நெருங்கி வந்தார். "மோட்டார் கெட்டுப்போச்சா, தம்பி?" இல்லை, சும்மா மிதிக்கத்தான் வந்தோம் என்றேன். இருபது வருடம் மிதித்துக் கடைசியில் மோட்டார் வாங்கியவர் போலிருக்கிறது. என் சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். "என்ன கேட்டார்?" என்றேன். "உனக்குச் சம்பளம் ஒழுங்கா வருதான்னு" என்றார் அண்ணன்.

இனி வாய்க்காலுக்கு வருகிறேன். நீங்கள் ஆவலோடு படிக்கப்போவது இதைத்தான்.

புக்கிட் மேரா என்ற இடத்தில் ஒரு ஏரி. இயற்கையான ஏரி இல்லை. குராவ் ஆற்றை மறித்துக் கட்டியது. வெள்ளைக்காரன் காலத்தில் வேலை தொடங்கி 1906இல் முடித்தார்கள். மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம் இதுதான். நம் மேட்டூரை விட 28 வருடம் மூத்தது. ஏரியின் குறுக்கே ரயில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தண்டவாளம். அங்கிருந்து பெரிய வாய்க்கால்கள் கிளம்பி, அவற்றிலிருந்து சின்ன வாய்க்கால்கள் பிரிந்து, இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாய்கின்றன. வருடத்துக்கு இரண்டு போகம். சின்ன வாய்க்காலை இங்கே பாரிட் என்கிறார்கள். நூல் பிடித்ததுபோல நேராக ஓடுகிறது எல்லாம். நம்மூர் வாய்க்கால் ராஜராஜன் காலத்திலிருந்து யார் வயலைச் சுற்றிக்கொண்டு போகலாம், யாரிடம் வம்பு வேண்டாம் என்று யோசித்து யோசித்து வளைந்தது. இது எஞ்சினியர் அறையில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. மிதிக்கிறவனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நாலு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மரம் இங்கிருந்தே தெரியும். மிதித்துக்கொண்டே இருக்கிறோம், மரம் அங்கேயே நிற்கிறது.

கடைமடைக்காரன் புத்தி போகுமா? வழியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவரிடம் அண்ணனை விட்டுக் கேட்கச் சொன்னேன்: வாய்க்கால் கடைசியில் இருப்பவனுக்குத் தண்ணீர் வருகிறதா? அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நீளமாகப் பேசினார். மேலே இருப்பவன் மதகை இழுத்து அடைத்துக்கொள்கிறான், அதிகாரி வரும்போது திறக்கிறான், போனதும் அடைக்கிறான், மழை குறைந்த வருடத்தில் ஏரி வற்றி நடவே தள்ளிப் போகிறது என்றார். அண்ணன் மொழிபெயர்ப்பதற்கு முன்பே எனக்குப் பாதி புரிந்துவிட்டது, மாமா. கையை ஆட்டிய விதம், தண்ணீர் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு திட்டிய விதம், எல்லாம் அப்படியே நீங்கள்தான். உங்களுக்கு நீர்வளத்துறை, அவருக்கு இங்கே இருக்கும் ஒரு துறை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் நம் வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வெளிநாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான அனுதாபம் அது.

வாய்க்காலில் தூண்டில் போட்டுக்கொண்டு ஆங்காங்கே ஆட்கள். என்ன மீன் என்று எட்டிப் பார்த்தேன். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை. விமான டிக்கெட் காசு கொடுத்து வந்து நான் பார்த்தது பனையேறிக் கெண்டை! நெல் தண்டில் இளஞ்சிவப்பாக ஏதோ கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது, அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். அது நத்தை முட்டையாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த நத்தை, இளம் நாற்றைத் தின்று தீர்க்கிறது. நான் அதைப் படம் எடுப்பதைப் பார்த்த விவசாயி என்னை வேளாண்மைத் துறை என்று நினைத்துப் புகார் சொல்ல வந்துவிட்டார்.

வயல் நடுவே கம்பத்தின் மேல் பெட்டி பெட்டியாக இருந்தது. தபால் பெட்டி என்று நினைத்தால், ஆந்தைக்கு வீடு. எலியைப் பிடிக்கக் கூகை ஆந்தைகளைக் குடிவைக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வயல் ஓரத்தில் மூன்று மாடிக் கட்டடங்கள். ஜன்னலே கிடையாது, சுவரில் சின்னச் சின்ன ஓட்டை. உள்ளேயிருந்து ஓயாமல் குருவிச் சத்தம். அது உழவாரக் குருவிக்குக் கட்டிய மாளிகை, மாமா. உள்ளே குருவி இருக்கிறதோ இல்லையோ, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டு, 'இங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், வா' என்று அழைக்கிறார்கள். குருவி தன் எச்சிலால் கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்கச் சீனர்கள் பெரும் விலை கொடுப்பார்கள். எச்சில் கலந்த தண்ணீரைக் கூட வாங்காத நம் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டவேண்டாம். எனக்கு வேறு வருத்தம். ஆந்தைக்கு இலவச வீடு, குருவிக்கு மாடி வீடு, மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பவன் நான் ஒருவன்தான்.

படத்தைப் பார்த்து ஏமாந்தது அத்தை மட்டுமில்லை என்று சொல்லவேண்டும். இந்த நிலத்தைப் பார்த்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே நம்மவர்கள் ஊர் ஞாபகத்தில் தங்கியிருக்கிறார்கள். பாகான் சிராய் பக்கம் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து நெல் விவசாயத்தில் குடியமர்த்தினார். அந்த இடத்துக்கு இன்றும் கம்போங் பாத்ரே என்றே பெயர். போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்கள் ஒரு பக்கம், மலாய்க்காரர்கள் ஒரு பக்கம், நடுவே தமிழ்ப் பேச்சோடு வயல் வைத்தவர்கள். தோட்டத்துத் தமிழனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்ட மலாயாத் தமிழனைப் பற்றிப் பேச ஆளில்லை.

கடலை நெருங்க நெருங்கக் கதை மாறுகிறது. ரப்பர் வருவதற்கு முன்னால் கிரியானின் கடலோரத்தில் கரும்புதான் ராஜா. ஒப்பந்தக் கூலியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி இந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினார்கள். அதற்குள் கரும்பும் முடிந்து ரப்பர் வந்துவிட்டது. குலா தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது.

இந்த இடத்தில் நம் பினாங்குத் தாத்தா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை போன் பேசும்போதும், "அங்கே அவர் பெரிய ஆளாக இருந்தார், சொத்து ஏதாவது கேட்பாரற்றுக் கிடக்கும், விசாரி" என்கிறீர்கள். விசாரிக்க முடியாது என்றில்லை. நாகப்பட்டினத்திலிருந்து எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம் என்று ஒரு துப்பாவது கொடுங்கள். 'வெள்ளை வேட்டி கட்டியிருப்பார், மூக்கு நீளம்' என்றால் பேராக்கில் பாதிப் பேரை நிறுத்தி விசாரிக்கவேண்டும். அவர் போனது ரஜுலா கப்பலில் என்று நீங்கள் சொல்வது மட்டும் சரிவராது. ரஜுலா ஓட ஆரம்பித்ததே 1926இல்தான். உங்கள் கணக்குப்படி அவர் போனது அதற்கும் முன்னால். கரும்புக் காலத்தில் போனவராயிருந்தால் சொத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம் மாமா. அந்தத் தோட்டங்களில் நம்மவர்களுக்குச் சொந்தமாயிருந்தது மண்வெட்டி கூட இல்லை, அதுவும் கம்பெனியுடையது.

கோலா குலாவில் வாய்க்கால் முடிந்து சதுப்புக்காடு தொடங்குகிறது. இங்கே செப்டம்பரிலிருந்து மார்ச் வரை பறவைக் காலம். வடக்கே சைபீரியாவிலிருந்து குளிருக்குப் பயந்து கிளம்பும் உள்ளான்கள் சில நம் கோடியக்கரைக்கு வருகின்றன, சில இங்கே வந்துவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது வெள்ளை நிறப் பெருநாரை ஒன்று. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்ததாம், பிறகு விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்து, வனவிலங்குத் துறை கூண்டில் வளர்த்து வெளியே விட்டுப் பார்த்தது. நாங்கள் படகில் போன நேரத்தில் அது கண்ணில் படவில்லை. படகுக்காரர் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி அதுதான் என்றார். அண்ணன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் பை" என்றார். உடும்பு நிறையப் பார்த்தோம். நீர்நாய் ஒரு குடும்பமாக எதிரே வந்து, எங்களைப் பார்த்து ஏதோ கேலி பேசிவிட்டு முங்கிவிட்டது.

அந்தக் கழிமுகங்களுக்குள் கோலா செலின்சிங் என்று ஒரு இடம். சேற்றுக்கு நடுவே பழைய குடியிருப்பு இருந்த மேடுகள். ஐவர் எவான்ஸ் என்ற ஆங்கிலேயர் 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும் தோண்டிப் பார்த்தார். மணி மணியாகக் கிடைத்தது. கண்ணாடி மணி, கல் மணி. கூடவே ஒரு செம்மணிக்கல் முத்திரை. அதில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர், நம் பக்கத்து எழுத்தில். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரம் வென்றதற்குப் பல நூறு வருடம் முன்னால் யாரோ ஒருவர் அந்த முத்திரையோடு இந்தச் சேற்றுக்கு வந்திருக்கிறார். ராஜாவா, வியாபாரியா, முத்திரையைத் தொலைத்துவிட்டு ஊரில் பொய் சொன்னவரா, அறிஞர்கள் சொல்லட்டும். இதை நான் சொன்னவுடன் மச்சான், "அப்போ நம்ம ஆளுங்க சண்டை போட மட்டும் வரலை, மணி விக்கவும் வந்திருக்காங்க" என்றார். அவர் தைப்பிங்கில் கவரிங் நகைக்கடை வைத்திருக்கிறார்.

மதியச் சாப்பாடு பற்றி எழுதினால் கடிதம் முடியாது. கடலோரக் கடையில் இறால் மீ, அதாவது இறால் போட்ட நூடுல்ஸ். தட்டில் மீ கண்ணுக்குத் தெரியவில்லை, இறாலை நகர்த்தித் தேடவேண்டியிருந்தது. நம்மூரில் இந்த அளவு இறால் ஏற்றுமதிக்குப் போகும். இதைச் சாப்பிட ஏற்றுமதி ஆனவன் நான்.

சாப்பிட்ட பிறகு மிதிக்கிற உத்தேசம் யாருக்கும் இல்லை. சைக்கிள்களை வேனில் போட்டுக்கொண்டு தெற்கே கோலா செபெத்தாங்குக்குப் போனோம். வழி நெடுக மாத்தாங் சதுப்புக்காடு. 40,000 ஹெக்டேர். மரம் வெட்டுகிறார்கள், ஆனால் முறை வைத்து. ஒரு பகுதியை வெட்டினால் அது வளர்ந்து திரும்ப வெட்டு வர 30 வருடம். நூறு வருடத்துக்கும் மேலாக இப்படியே நடக்கிறது. நம் முத்துப்பேட்டையில் அலையாத்திதான் அதிகம். இங்கே கண்டல், நீண்ட வேர்களோடு நேராக உயர்ந்து நிற்கிறது. அதைக் கரியாக்குவதற்கு ஊருக்குள் சூளைகள் இருக்கின்றன. பெரிய பெரிய செங்கல் சூளைகள், பிரம்மாண்டமான இட்லியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. உள்ளே கட்டையை நிறுத்தி வைத்து, வாசலில் தீ போட்டு, உள்ளே தீ பிடிக்காமல் சூட்டில் மட்டும் வேகவிட்டு, பிறகு மூடி ஆறப்போட்டு எடுக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. தெர்மாமீட்டர் கிடையாது. புகையின் வாசனையை வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் நிறையக் கரி ஜப்பானுக்குப் போகிறது. சைக்கிளில் வந்து நாட்டைப் பிடித்தவர்கள் இப்போது கப்பலில் கரி வாங்கிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் இதுவே நல்லது.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முத்துப்பேட்டை தப்பியதற்கு அலையாத்தி காரணம் என்று நீங்கள் சொல்வீர்கள். இங்கேயும் பினாங்கிலும் கெடாவிலும் ஆட்கள் இறந்தார்கள். மாத்தாங் கரையில் இருப்பவர்கள் காட்டைக் காட்டி நீங்கள் சொல்வதையே சொல்கிறார்கள்.

கோலா செபெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட், கவர்னர் வெல்ட் துரையின் பெயரால். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. பதின்மூன்று கிலோமீட்டர். ஈயத்தைக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை. சதுப்பிலே மண் கொட்டித் தண்டவாளம் போட இலங்கையிலிருந்து ஆட்களைப் படைப்பிரிவாகவே கொண்டுவந்தார்கள். இன்று தண்டவாளம் இல்லை, ரயில் இல்லை, ஸ்டேஷன் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது: ஆங்கிலம், அரபு எழுத்திலான ஜாவி, சீனம், தமிழ். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அண்ணன் படம் எடுத்துக்கொள்ளவில்லை; பலகையின் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். "தோட்டத்தில் எங்க பள்ளிக்கூடப் பலகையையாவது எடுத்து வெச்சிருக்கலாம்" என்றார். மச்சான் அவரைப் பேச விடாமல் காப்பிக்கு இழுத்துப் போனார். நல்ல மச்சான்.

இருட்டியபின் மின்மினி பார்க்கப் படகில் போனோம். மரம் முழுக்க ஒரே நேரத்தில் மினுக்கும். அதை எழுதி விளக்க முடியாது, நேரில்தான் பார்க்கவேண்டும். எனக்குத் தூக்கம், அண்ணனுக்குக் கொசு. படகுக்காரர் எங்களுக்காக ஒரு கிளையைத் தட்டிக் காட்டினார். ஈப்போ வந்து சேர நடுநிசி ஆயிற்று. மறுநாள் அலுவலகத்தில் நான் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே வேலை பார்த்ததை மேலாளர் சுறுசுறுப்பு என்று பாராட்டினார். மறுக்கவில்லை.

பொங்கல் கழித்து ஊருக்கு வருகிறேன். உங்கள் கொட்டகையில் கிடக்கும் சைக்கிளை இறக்கி டயர், டியூப் மாற்றிவையுங்கள். சீட்டையும் கட்டாயம் மாற்றுங்கள். கோரையாற்றங்கரையோடு ஜாம்புவானோடை வரை மிதித்துப் போய், அங்கிருந்து படகில் முத்துப்பேட்டை லகூனுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். இத்தனை வயதுக்கு நான் அங்கே போனதே இல்லை. மலேசியாக்காரர்கள் அதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள், பதில் இல்லை. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். மனுவை இப்போதே எழுதிக் கொடுத்துவையுங்கள், நம் ஆபீசில் அது நகர நாளாகும். நாலு பேருக்கு என்று எழுதுங்கள். அண்ணனும் மச்சானும் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமான்